டார் ஆர்என்ஏவின் முப்பரிமாண வடிவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எச்ஐவி-1 வைரஸின் ஆர்என்ஏவில் டார் என்றொரு சின்னத் துண்டு இருக்கிறது. டாட் என்ற வைரஸ் புரதம் வந்து உட்காரும் இடம் அது. ஆர்என்ஏவும் புரதமும் ஒன்றையொன்று எப்படி அடையாளம் கண்டுகொள்கின்றன என்று படிக்கத் தொடங்கும் எவரும் சீக்கிரமே இந்தத் துண்டிடம் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். அவர்களிடமிருந்து நான் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் அவற்றைத் தொகுத்து வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இருக்கின்றன. வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றின் மேல்தான் நிற்கின்றன.

டார் என்றால் என்ன? வைரஸில் அது எங்கே இருக்கிறது?

எச்ஐவி-1 ஆர்என்ஏவின் மொத்த நீளம் ஒன்பதாயிரத்துச் சொச்சம் நியூக்ளியோடைடுகள், அதாவது எழுத்துகள். அதில் முதல் 59தான் டார். வைரஸின் மரபணுக்கள் மனித செல்லின் டிஎன்ஏவுக்குள் போய்ச் சேர்ந்த பிறகு, அங்கிருந்து ஆர்என்ஏ படியெடுக்கத் தொடங்கியதும் முதலில் வெளியே வரும் பகுதி இது. வைரஸின் எல்லா ஆர்என்ஏக்களின் 5 பிரைம் முனையிலும், அதாவது தலைப்பக்கத்திலும், இது இருக்கும். இரண்டு முனைகளிலும் ஒரே வரிசை திரும்ப வருவதால் வால் முனையிலும் ஒரு பிரதி உண்டு. ஆனால் நாம் இங்கே பேசப்போகும் வேலையைச் செய்வது தலைப்பக்கம் இருப்பதுதான்.

டிஎன்ஏவில் இருக்கும் வரிசைதானே அது? புரதம் ஏன் டிஎன்ஏவைப் பிடிக்கவில்லை?

1985-இல் இந்தப் பகுதி கண்டுபிடிக்கப்பட்டபோது ஆராய்ச்சியாளர்களுக்கும் இதே சந்தேகம் இருந்தது. மரபணுவைத் தூண்டும் புரதங்கள் டிஎன்ஏவில் உட்காருவதுதான் அதுவரை பழகிய வழி. ஆனால் டாரை வேறு இடத்துக்கு நகர்த்தினாலோ தலைகீழாகத் திருப்பி வைத்தாலோ அது வேலை செய்யவில்லை. டிஎன்ஏவில் உட்காரும் பல தூண்டிகளுக்கு இப்படி ஆவதில்லை. படியெடுத்து வெளியே வந்துகொண்டிருக்கும் ஆர்என்ஏதான் இலக்கு என்பது 1989 வாக்கில் தெளிவானது. டிஎன்ஏவில் இது சாதாரண இரட்டை இழை, அடையாளம் ஏதும் கிடையாது. ஆர்என்ஏவாக வெளியே வந்து மடிந்த பிறகுதான் இதற்கு ஒரு முகம் கிடைக்கிறது.

ஆர்என்ஏ ஒற்றை இழைதானே, அதற்கு ஏது முப்பரிமாண வடிவம்?

ஒற்றை இழைதான், ஆனால் தன்மேலேயே மடிந்துகொள்ளும். இதை ஒருமுறை கையால் செய்து பார்த்தால் பிறகு மறக்காது. நீளமான ஒரு காகிதத் துண்டில் டாரின் 20-ஆம் எழுத்திலிருந்து 42-ஆம் எழுத்து வரை எழுதுங்கள்: ஏ ஜி ஏ யு சி யு ஜி ஏ ஜி சி சி யு ஜி ஜி ஜி ஏ ஜி சி யு சி யு சி யு. மொத்தம் 23. ஏ-க்கு இணை யு, ஜி-க்கு இணை சி. இப்போது கடைசி எழுத்து முதல் எழுத்தின் எதிரே வரும்படி காகிதத்தை மடியுங்கள்.

முதல் மூன்று (ஏ, ஜி, ஏ) கடைசி மூன்றோடு பிசகில்லாமல் இணை சேரும். அடுத்த மூன்று எழுத்துகளான யு, சி, யு-வுக்கு எதிரே ஆளே இருக்காது. அவற்றை வெளியே தள்ளிவிடுங்கள். அதற்கடுத்த நான்கு (ஜி, ஏ, ஜி, சி) மறுபக்கம் இருக்கும் நான்கோடு ஒழுங்காகச் சேரும். மடிப்பின் உச்சியில் சி யு ஜி ஜி ஜி ஏ என்று ஆறு எழுத்துகள் வளையமாக நிற்கும். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு போல ஒரு உருவம் கையில் கிடைக்கும். இணை சேர்ந்த பகுதியைத் தண்டு என்றும், வெளியே தள்ளிய மூன்றெழுத்தைப் புடைப்பு என்றும், உச்சியை வளையம் என்றும் சொல்வோம். காகிதத்தில் தட்டையாகத் தெரியும் தண்டு, நிஜத்தில் படிக்கட்டு போல முறுக்கிக்கொண்டு இரட்டைச் சுருளாக இருக்கும்.

நடுவில் இணை சேராமல் நிற்கும் மூன்றெழுத்து ஏதோ பிழை மாதிரி இருக்கிறதே?

டாரில் மிக முக்கியமான இடமே அதுதான். அதை வெட்டி எடுத்துவிட்டால் தண்டு நேர்த்தியாக, இன்னும் உறுதியாக இருக்கும். ஆனால் டாட் அதைக் கண்டுகொள்ளாது.

காரணம் ஆர்என்ஏ சுருளின் உடல்வாகு. டிஎன்ஏவின் இரட்டைச் சுருளில் பெரிய பள்ளம் அகலமானது, 11 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் வரும் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). புரதத்தின் ஒரு சுருள் அதில் தாராளமாக இறங்கி, காரங்களின், அதாவது எழுத்துகளின், விளிம்புகளைத் தடவிப் பார்த்து 'இது இன்ன வரிசை' என்று தெரிந்துகொள்ளும். ஆர்என்ஏ சுருளில் அதே பெரிய பள்ளம் ஆழமானது, ஆனால் 3 அல்லது 4 ஆங்ஸ்ட்ராம் அகலம்தான். வரிசையைச் சொல்லும் விளிம்புகளெல்லாம் குறுகிய இடுக்கின் அடியில் கிடக்கும். புரதத்தின் கை உள்ளே போகாது. புடைப்பு இருக்கும் இடத்தில் சுருளின் ஒழுங்கு குலைந்து அந்த இடுக்கு விரிகிறது. பூட்டில் சாவித்துவாரம் இருக்கும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று எழுத்தும் ஒரே அளவு முக்கியமா?

இல்லை. 23-ஆம் இடத்து யு மாறக்கூடாது. அதைச் சி ஆக்கினாலே டாட் பிடிப்பது விழுந்துவிடும். 24-ஆம் 25-ஆம் எழுத்துகளை மாற்றினால் பெரிய பாதிப்பு இல்லை; இடைவெளி கொடுப்பதுதான் அவற்றின் வேலை. எச்ஐவி-2 வைரஸின் டாரில் புடைப்பு இரண்டே எழுத்துதான், அதுவும் வேலை செய்கிறது.

புடைப்புக்கு மேலே இருக்கும் இரண்டு இணைகளும் (26-39, 27-38) அதே இணைகளாகவே இருக்க வேண்டும். இதர தண்டுப் பகுதிகளில் பெரும்பாலும் இணை கெடாமல் இருந்தால் போதும், எந்த எழுத்து என்பது அவ்வளவு பொருட்டில்லை.

டாட் சரியாக எதைப் பிடிக்கிறது?

டாட்டில் 49 முதல் 57 வரை ஒன்பது அமினோ அமிலங்கள்: ஆர்ஜினின், லைசின், லைசின், ஆர்ஜினின், ஆர்ஜினின், குளூட்டமின், அப்புறம் மூன்று ஆர்ஜினின். ஒன்பதில் எட்டு நேர்மின்னேற்றம் கொண்டவை. இவற்றுள் 52-ஆம் இடத்து ஆர்ஜினின்தான் தலையாயது. வெறும் ஆர்ஜினினை, அதாவது ஆர்ஜினினமைடு என்ற சின்ன மூலக்கூறை, மட்டும் கரைசலில் விட்டாலும் அது அதே இடத்தைத் தேடிப்போய் உட்காருகிறது. ஜோசப் புக்லிசி, ஆலன் ஃபிராங்கெல், ஜேம்ஸ் வில்லியம்சன் முதலானோர் 1992-இல் அந்தச் சேர்க்கையின் வடிவத்தை என்எம்ஆர் முறையில் (காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் தரும் சமிக்ஞைகளிலிருந்து வடிவத்தைக் கணிக்கும் முறை) காட்டினார்கள்.

கிட்டப் போய்ப் பார்ப்போம். ஆர்ஜினினின் நுனி தட்டையானது, கவட்டை போல இரண்டு கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் 26-ஆம் இடத்து ஜி-யின் பள்ளத்து விளிம்பை ஹைட்ரஜன் பிணைப்புகளால் பிடிக்கிறது. இன்னொரு பக்கம் புடைப்பை ஒட்டிய இடத்து முதுகெலும்பின் (எழுத்துகளைக் கோத்து வைத்திருக்கும் சங்கிலி) பாஸ்பேட்டுகளைத் தொடுகிறது. அதே நேரம் 23-ஆம் யு தன் இடத்திலிருந்து மேலேறி, 27-38 இணைக்குப் பக்கத்தில் மூன்றாவது ஆளாகச் சேர்ந்துகொள்கிறது. இதனால் ஆர்ஜினின் 22-ஆம் ஏ-க்கும் 23-ஆம் யு-வுக்கும் நடுவே, இரண்டு தட்டுகளுக்கு இடையில் செருகிய தகடு போல இருக்கிறது. அதுவரை ஒழுங்காகச் சேராமல் தள்ளாடிய 22-40 இணையும் கெட்டிப்படுகிறது. 24-ம் 25-ம் வெளியே தூக்கி எறியப்படுகின்றன. மேல்தண்டும் அடித்தண்டும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கின்றன. இத்தனையும் ஒரே ஒரு அமினோ அமிலம் உள்ளே வந்ததால் நடப்பது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

ஒரு ஆர்ஜினினே போதும் என்றால் மற்றவை எதற்கு?

இடத்தைத் தேர்ந்தெடுக்க ஒன்று போதும்; இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளப் போதாது. ஆர்ஜினினமைடு மட்டும் பிடிக்க வேண்டுமானால் மில்லிமோலார் அளவில் அதைக் கொட்ட வேண்டியிருக்கிறது. டாட்டின் அந்தப் பகுதியைக் கொண்ட முழுப் பெப்டைடு (சின்னப் புரதத் துண்டு) நானோமோலார் அளவிலேயே, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு செறிவிலேயே, பிடித்துவிடும். மற்ற நேர்மின்னேற்றங்கள் ஆர்என்ஏ முதுகெலும்பின் எதிர்மின்னேற்றத்தோடு ஒட்டிக்கொண்டு அந்தப் பிடியைத் தருகின்றன.

அந்த மூன்று எழுத்துக் கூட்டு நிஜமாகவே இருக்கிறதா, இல்லை யூகமா?

நல்ல சந்தேகம். இதை நான் மதிக்கிறேன். ஏனென்றால் 23-ஆம் யு அந்த இணையோடு போட்டுக்கொள்ளும் ஹைட்ரஜன் பிணைப்பை ஆரம்பகால என்எம்ஆர் நிறமாலையில் நேராகப் பார்க்க முடியவில்லை. சுற்றியிருக்கும் தடயங்களிலிருந்து ஊகித்தார்கள்.

அதை உறுதிப்படுத்தச் செய்த சோதனை அழகானது. யு-ஏ-யு என்ற கூட்டை எடுத்துவிட்டு, அதே உருவம் கொண்ட சி-ஜி-சி கூட்டை வைத்தார்கள். இதில் ஒரு நிபந்தனை உண்டு: மூன்றாவதாக வரும் சி, ஒரு புரோட்டானை ஏற்றுக்கொண்டால்தான் அந்த இடத்தில் பொருந்தும். அப்படியென்றால் கரைசலின் அமிலத்தன்மையைக் கூட்டினால் கூட்டு உருவாக வேண்டும், குறைத்தால் கலைய வேண்டும். 1993-இல் வந்த முடிவு அப்படியே இருந்தது. எழுத்துகள் எல்லாம் மாறியும், உருவம் அதுவாக இருந்தபோது ஆர்ஜினின் வந்து உட்கார்ந்தது. டாட் படிப்பது எழுத்தையா உருவத்தையா என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தச் சோதனையைத்தான்.

டாட் பிடித்த பிறகு என்ன நடக்கிறது? உச்சி வளையம் எதற்கு?

வைரஸ் ஆர்என்ஏவைப் படியெடுக்கும் பாலிமரேஸ் நொதி, டார் வெளிவந்த கொஞ்ச நேரத்தில் தடைபட்டு நின்றுவிடும். பெரும்பாலான படிகள் குட்டையாகவே முடிந்துபோகும். டாட் தனியாக வருவதில்லை. பி-டெஃப்பி என்ற மனிதப் புரதக் கூட்டைக் கூட்டிக்கொண்டு வருகிறது. அதில் சைக்ளின் டி1 (T1), சிடிகே9 என்று இரண்டு உறுப்புகள். சிடிகே9 பாலிமரேஸின் மேலும் அதைத் தடுத்து நிறுத்தும் புரதங்களின் மேலும் பாஸ்பேட்டுகளை ஒட்டும். பாலிமரேஸ் மறுபடி ஓடத் தொடங்கும்.

ஆறெழுத்து வளையத்தைத் தொடுவது சைக்ளின் டி1, டாட்டோடு சேர்ந்து. டாட் மட்டும் போதும் என்றிருந்தால் வளையத்து எழுத்துகளை மாற்றினால் ஏன் வைரஸ் முடங்குகிறது என்பது வெகுகாலம் புதிராக இருந்தது. 1998-இல் சைக்ளின் டி1 கண்டுபிடிக்கப்பட்டபோது விடை கிடைத்தது. எலியின் செல்களில் டாட் ஏன் சரியாக வேலை செய்வதில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. மனித சைக்ளின் டி1-இல் 261-ஆம் இடத்தில் சிஸ்டீன். எலியில் அதே இடத்தில் டைரோசின். ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம். டார், டாட், பி-டெஃப்பி எல்லாம் சேர்ந்த கூட்டின் படிக வடிவம் (மூலக்கூறைப் படிகமாக்கி எக்ஸ் கதிரால் பார்த்த வடிவம்) 2018-இல் வெளியானது.

ஒரு படத்தில் டார் வளைந்திருக்கிறது, இன்னொன்றில் நேராக இருக்கிறது. எது சரி?

இரண்டுமே அளந்து எடுத்தவைதான். எந்த நிலையில் எடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். புரதமோ ஆர்ஜினினோ இல்லாமல், கரைசலில், என்எம்ஆரில் பார்த்தால் இரண்டு தண்டுகளும் ஒரு கோணத்தில் வளைந்திருக்கும். சராசரியாக 45 முதல் 50 பாகை. ஆர்ஜினின் வந்ததும் நேராகிவிடும், மேலே சொன்ன மாதிரி.

1998-இல் இப்போலிட்டோவும் ஸ்டைட்ஸும் 1.3 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் ஒரு படிக வடிவம் வெளியிட்டார்கள். அதில் ஆர்ஜினினே இல்லை, ஆனாலும் தண்டுகள் நேராக அடுக்கியிருக்கும். பலரும் குழம்புவது இங்கேதான். படிகத்தில் கால்சியம் அயனிகள் புடைப்பைப் பிடித்து வைத்திருக்கின்றன. நேர்மின்னேற்றம் என்ற வகையில் ஆர்ஜினின் செய்யும் வேலையின் ஒரு பகுதியை அயனி செய்துவிடுகிறது. அதற்காக 'ஆர்ஜினின் பிடித்த வடிவம்தான் இது' என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. 23-ஆம் யு-வின் மூன்றெழுத்துக் கூட்டு அதில் இல்லை. 1.3 ஆங்ஸ்ட்ராம் என்ற எண்ணைப் பார்த்து மயங்கி, அதுதான் உயிருள்ள செல்லில் இருக்கும் டார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

என்எம்ஆர் கோப்பைத் திறந்தால் 20 உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. இத்தனை வடிவத்திலும் டார் அசைகிறது என்று அர்த்தமா?

அவசரப்பட்டு அப்படிச் சொல்லக்கூடாது. அந்த 20-ம் அளவீடுகளுக்கு ஒத்துவரும் 20 விடைகள். ஒரு பகுதியைப் பற்றித் தரவு குறைவாக இருந்தால் அந்தப் பகுதி 20 உருவங்களிலும் 20 விதமாகத் தெரியும். அது அசைவாலும் இருக்கலாம், தகவல் போதாமையாலும் இருக்கலாம். படத்தை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. அசைவைத் தெரிந்துகொள்ள அசைவையே அளக்க வேண்டும்.

சரி, அசைவை எப்படி அளந்தார்கள்?

இதில் ஒரு சிக்கல். மூலக்கூறு முழுதாகக் கரைசலில் உருண்டுகொண்டே இருக்கும். உள்ளுக்குள் ஒரு தண்டு இன்னொன்றைப் பொறுத்து ஆடுவதும் ஏறக்குறைய அதே வேகத்தில் நடந்தால் இரண்டும் கலந்துவிடும். ஹாஷிம் அல்-ஹாஷிமியின் குழு எளிய தந்திரம் ஒன்று செய்தது: ஒரு தண்டை வேண்டுமென்றே மிக நீளமாக்கினார்கள். நீளமான கம்பு மெதுவாகத்தான் உருளும். அப்போது அதன் முனையில் இருக்கும் குட்டைத் தண்டின் ஆட்டம் தனியாகத் தெரிகிறது.

2007-இல் அவர்கள் காட்டியது இது: ஒன்றும் ஒட்டாத வெறும் டாரின் இரண்டு தண்டுகளும் வளைவதும் முறுக்குவதும் கண்டபடி நடப்பதில்லை, ஒன்றோடொன்று இசைந்து நடக்கின்றன. அந்தப் பாதையில் போய்க்கொண்டிருக்கும்போதே, மருந்துகளோ பெப்டைடுகளோ பிடித்த நிலையில் காணப்படும் கோணங்களுக்குப் பக்கத்தில் டார் தானாகவே போய் வருகிறது. 2012-இல் உச்சி வளையத்திலும் இப்படி ஒரு மறைந்த நிலை இருப்பதைக் கண்டார்கள். வளையத்து எழுத்துகள் தங்களுக்குள் இணை சேர்ந்துகொண்டு மைக்ரோ விநாடிகள் மட்டும் நீடிக்கும் நிலை அது; எந்த நேரத்திலும் மூலக்கூறுகளில் சுமார் 13 சதவீதம் அப்படி இருக்கும். புரதம் பிடிக்க வேண்டிய எழுத்துகள் அந்த நிலையில் உள்ளே ஒளிந்துகொள்கின்றன.

அப்படியானால் புரதம் வந்து டாரின் வடிவத்தை மாற்றுகிறதா, ஏற்கெனவே இருக்கும் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கிறதா?

தேர்வில் கேட்டால் ஒன்றைச் சொல்லச் சொல்வார்கள். டாரைப் பொறுத்தவரை இரண்டும் நடக்கிறது என்பதுதான் என் புரிதல். தண்டுகளின் கோணம் ஏற்கெனவே கிடைக்கும் நிலைகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஆனால் 23-ஆம் யு மேலேறிக் கூட்டுச் சேர்ந்து, அது ஆர்ஜினினின் மேல் மூடுவது, ஆர்ஜினின் வந்தபிறகு முடியும் வேலை. இரண்டில் ஒன்று என்று பிரித்துப் பார்ப்பதைவிட எந்தப் பகுதி முன்னால், எந்தப் பகுதி பின்னால் என்று கேட்பது பயனுள்ளது.

ஆர்ஜினின் நிறைந்த பெப்டைடு என்றால் எல்லா வைரஸ்களிலும் இதே கதைதானா?

இல்லை. அதே எச்ஐவி-1-இன் ரெவ் புரதத்தில் ஆர்ஜினின் நிறைந்த பகுதி ஒரு ஆல்ஃபா சுருளாக நின்று, ஆர்ஆர்ஈ என்ற சுமார் 350 எழுத்து ஆர்என்ஏவின் ஒரு தண்டில் முழுசாக இறங்குகிறது. அங்கே புடைப்புக்குப் பதில் ஜி-ஜி, ஜி-ஏ என்று வழக்கத்துக்கு மாறான இணைகள் பள்ளத்தை விரித்துக் கொடுக்கின்றன. மாடுகளைத் தாக்கும் உறவுக்கார வைரஸில் டாட் பெப்டைடு பீட்டா கொண்டை ஊசியாக மடிந்து பள்ளத்தில் உட்காருகிறது. குறுகிய இடுக்கை எப்படியாவது விரிப்பது என்பது மட்டும் பொது. விரித்த இடத்தில் நுழையும் உருவம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

இவ்வளவு தெரிந்தும் டாரைத் தடுக்கும் மருந்து ஏன் வரவில்லை?

இன்றைக்குப் பயன்பாட்டில் இருக்கும் எச்ஐவி மருந்துகளில் டாரைக் குறிவைப்பது ஒன்றும் இல்லை. முயற்சிக்குக் குறைவில்லை. நியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி போன்ற மூலக்கூறுகள் டாரில் ஒட்டும். ராபின்சன், வரானி குழுவினர் உருவாக்கிய வளையப் பெப்டைடுகள் நானோமோலார் அளவில் பிடிக்கும்.

சிரமம் பல பக்கமிருந்து வருகிறது. நொதிகளில் இருப்பது போல ஆழமான, மூடிய குழி டாரில் இல்லை, திறந்த பள்ளம்தான். அது அசைந்துகொண்டே இருப்பதால் எந்த வடிவத்துக்கு மருந்தைப் பொருத்துவது என்பதே கேள்வி. எதிர்மின்னேற்றம் நிறைந்த ஆர்என்ஏவைப் பிடிக்க நேர்மின்னேற்றம் வேண்டும். நேர்மின்னேற்றம் கூடினால் செல்லில் இருக்கும் எல்லா ஆர்என்ஏவிலும் ஒட்டிக்கொள்ளும். எனக்குப் பெரிதாகப் படும் சிக்கல் இன்னொன்று: நம் செல்லிலேயே 7எஸ்கே என்ற ஆர்என்ஏ இருக்கிறது. பி-டெஃப்பியைக் கட்டிவைப்பது அதன் வேலை. அதன் முதல் தண்டில் டாரின் புடைப்பைப் போன்ற இடம் உண்டு, டாட் அதையும் பிடிக்கும். ஆகவே மருந்து வைரஸின் டாரைப் பிடித்து, நம் 7எஸ்கேவை விட்டுவிட வேண்டும்.

கணினியில் வரிசையைக் கொடுத்தால் வடிவம் வந்துவிடாதா?

எது எதோடு இணை சேரும் என்பதை டார் அளவுள்ள துண்டுக்குக் கணினி எளிதில் சொல்லும். நீங்களே காகிதத்தில் செய்துவிட்டீர்கள். முப்பரிமாணம் வேறு விஷயம். வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரலான, 2024-இல் வந்த ஆல்ஃபாஃபோல்ட் 3 ஆர்என்ஏவையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அது கற்றுக்கொள்ள இருக்கும் ஆர்என்ஏ வடிவங்கள் புரத வடிவங்களோடு ஒப்பிட்டால் மிகக் கொஞ்சம். அதைவிட, டாருக்கு ஒரே ஒரு வடிவத்தைத் தரும் எந்த விடையும் பாதி விடைதான். காரணம் மேலே அசைவு பற்றிய பதிலில் இருக்கிறது.

நானே பார்க்க வேண்டும். எங்கிருந்து தொடங்கலாம்?

புரத வடிவங்களுக்கான பொதுத் தரவுவங்கியில் 1ஏஎன்ஆர், 1ஏஆர்ஜே என்று இரண்டு கோப்புகள் இலவசமாகக் கிடைக்கும். முதலாவது வெறும் டார், இரண்டாவது ஆர்ஜினினமைடு பிடித்த டார். கைமேரா எக்ஸ் போன்ற இலவச மென்பொருளில் இரண்டையும் திறந்துகொள்ளுங்கள். இவற்றில் 17 முதல் 45 வரையிலான எழுத்துகள் மட்டுமே இருக்கும், எனவே அடித்தண்டு குட்டையாகத் தெரியும், பயப்பட வேண்டாம். அதன் அடியில் இருக்கும் ஓரிரு இணைகள் ஆய்வு வசதிக்காக மாற்றப்பட்டவை, வைரஸின் வரிசையோடு ஒப்பிட்டுத் திகைக்காதீர்கள்.

இரண்டு கோப்பிலும் முதல் உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மறையுங்கள். அடித்தண்டுகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி பொருத்துங்கள். 23-ஆம் யு-வுக்கு மட்டும் பளிச்சென்று ஒரு நிறம் கொடுங்கள். பிறகு கோப்புகளை மாற்றி மாற்றிக் காட்டச் சொல்லுங்கள்: யு கீழே 22-இன் மேல் படுத்திருக்கும், அடுத்த நொடி 27-க்குப் பக்கத்தில் ஏறி நிற்கும், அதோடு மேல்தண்டு முழுவதும் நிமிரும்.